பல்லைக் கடித்துக்கொண்டு

திருப்பூரில் 18 வருடமாகப் பல் கிளினிக் நடத்துகிறேன். ஷிப்மென்ட் நெருக்கடி எந்த மாதம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. விரிசல் விட்ட கடைவாய்ப்பற்கள் வரிசையாக வந்து சொல்லிவிடும்.

போன வருடம், ஏற்றுமதி கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். பச்சைத்தண்ணீர் கொப்பளித்தாலே பல் கூசுகிறது என்றார். பார்த்தேன், சொத்தை எதுவும் இல்லை. ஆனால் கோரைப்பற்களின் கூர் நுனி, அரத்தால் ராவிவிட்டதுபோல் தட்டையாக இருந்தது. கன்னத்தின் உள்பக்கம், பற்கள் சேரும் உயரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. நாக்கின் ஓரம் முழுக்கப் பல் அழுந்திய தடம், சோமாசி ஓரம் மாதிரி.

"மனசுல ஏதாச்சும் கவலைங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க டாக்டர். நல்லாத்தான் இருக்கறனுங்க."

காதுக்குக் கீழே தாடை மூலையில் விரலை வைத்துப் பல்லைக் கடிக்கச் சொன்னேன். தசை எலுமிச்சம்பழம்போல் திரண்டது. "விடுங்க" என்ற பிறகும் முழுதாகத் தளரவில்லை. வாய் 'நல்லா இருக்கேன்' என்றது, தாடை ஒப்புக்கொள்ளவில்லை.

கூட வந்த மனைவிதான் மிச்சத்தைச் சொன்னார். "ராத்திரியானா நறநறன்னு பல்லக் கடிக்கறாருங்க. வயித்துல பூச்சின்னு மாத்திரைகூட வாங்கிக் குடுத்தனுங்க."

பூச்சி மாத்திரை கொடுக்காத வீடே இல்லை. பூச்சியால்தான் பல்லைக் கடிக்கிறார்கள் என்பது இதுவரை நிரூபணமாகவில்லை.

உதடு மூடியிருந்தாலும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக்கூடாது. நடுவில் 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதுதான் தாடைக்கு ஓய்வு. மெல்லும்போதும் விழுங்கும்போதும் சேர்ந்தால் போதும். பயம் வந்தால் அந்த ஓய்வு போய்விடும். தோட்டத்தில் பாம்பைக் கண்டால் என்ன ஆகிறது? அட்ரினலின் பாய்கிறது, நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, எச்சில் வற்றுகிறது, தோளும் தாடையும் இறுகுகின்றன. ராத்திரி பதினொரு மணிக்கு, ஆர்டர் கொடுத்த பையரிடமிருந்து மெயில் வந்தாலும் உடம்பு இதையேதான் செய்கிறது. பாம்பு வேலி தாண்டினால் உடம்பு தளர்ந்துவிடும். மெயிலுக்கு வேலி ஏது? தூக்கத்திலும் இந்த இறுக்கம் ஓய்வதில்லை. தூக்க ஆய்வகங்களில் கருவி பொருத்திப் பார்த்தபோது, முதலில் இதயத் துடிப்பு வேகமெடுக்கிறது, அடுத்துத்தான் தாடைத் தசை இறுகுகிறது என்று தெரிந்தது.

மனப்பாரம் தாடையோடு நிற்பதில்லை. எங்கள் படிப்புக்காரர்களை வைத்தே அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது, 1998-ல் வெளியானது. 11 பல் மருத்துவ மாணவர்களின் மேல் அண்ணத்தில் ஒரு சின்னக் காயம் போட்டார்கள்: கோடை விடுமுறையில் ஒன்று, பரீட்சைக்கு மூன்று நாள் முன்பு ஒன்று. பரீட்சை நேரத்துக் காயம் ஆற சராசரியாக 40% கூடுதல் காலம் பிடித்தது. ஒருவருக்குக்கூட விடுமுறையில் ஆறிய வேகத்தில் ஆறவில்லை. பரீட்சை வந்தால் வாய்ப்புண் வருகிறது என்று பிள்ளைகள் சொல்வதை 'உடம்புச் சூடு' என்று தள்ளிவிடுகிறோமே, கொஞ்சம் யோசிக்கலாம்.

எச்சில் வற்றுவதை வைத்துத் திருடனைப் பிடிக்கப் பார்த்தவர்களும் உண்டு. சந்தேகப்பட்டவரை அரிசி மென்று அரசிலையில் துப்பச் சொல்வது பழைய இந்திய வழக்கம் என்று சொல்வார்கள். உலர்ந்து வந்தால் குற்றவாளி! நிரபராதிக்கும் பயத்தில் நாக்கு வறளும் என்பதை யார் எடுத்துச் சொல்வது? இதில்தான் எல்லோரும் சறுக்குகிறோம். பாரம் இருப்பதை மட்டும்தான் உடம்பு காட்டும்; என்ன பாரம் என்று காட்டாது. தேய்ந்த பல்லைப் பார்த்து, கடனா, மாமியாரா, மேனேஜரா என்று நான் சொல்ல ஆரம்பித்தால் அது கிளி ஜோசியம்.

பல்லைக் கடிப்பதெல்லாம் மனக்கவலையும் அல்ல. தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறவர்கள் கடிக்கலாம். மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள், அளவு மீறிய காபி, சிகரெட், மது எல்லாமே தூண்டும். அதனால் குறட்டை உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்பேன்.

ஊருக்கு உபதேசம் செய்யும் நானே, மகள் நீட் எழுதிய வருடம் என் கடைவாய்ப்பல் ஃபில்லிங்கைக் கடித்து உடைத்தேன். கேட்டிருந்தால் 'எனக்கென்ன கவலை' என்றுதான் சொல்லியிருப்பேன்.

மெர்ச்சண்டைசருக்கு ராத்திரி பல்லில் உறைபோல் போட்டுக்கொள்ள நைட் கார்டு செய்து கொடுத்தேன். அது பல்லைக் காக்கும், கவலையைத் தீர்க்காது என்றும் சொன்னேன். பகலுக்கு ஒரு வேலை: கம்ப்யூட்டர் திரையின் மூலையில் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிக்கொள்ள வேண்டும். கண்ணில் படும்போதெல்லாம் 'ன்' என்று சொல்லி அப்படியே நிறுத்த வேண்டும். நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் போய் நிற்கும், பற்கள் தாமாகப் பிரியும். முதல் நாள் எண்ணிப் பார்த்தாராம். பொட்டைப் பார்த்த முக்கால்வாசி நேரம் பல் இறுகித்தான் இருந்ததாம். "இத்தன நாளா எனக்கே தெரியலீங்களே" என்றார். மூன்றாவது முறை வந்தபோதுதான் வீட்டுக்கடன் பேச்சு வந்தது; நான் கேட்கவில்லை.

தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. அதனால் பக்கத்தில் படுப்பவர் நறநறவென்று கடித்தால், பூச்சி மாத்திரையோடு விட்டுவிடாமல் ஒருமுறை பல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். நீங்களும் கூடப் போங்கள். கடிக்கிறவருக்கு அந்தச் சத்தம் கேட்காது.