சேற்று நிறத்துக்குள் ஒளிந்த பொன்

கோல்டு பிஷ் பொன்னிறத்தில் பிறப்பதில்லை. பொரித்துச் சில வாரங்களே ஆன குஞ்சுகளைப் பார்த்தால், ஏரியில் துணி விரித்து அள்ளிய கெண்டைப் பொடி என்றே தோன்றும். அப்பட்டமான சேற்று நிறம். கொக்கின் கண்ணிலிருந்து தப்ப, அதன் காட்டு மூதாதையருக்குப் படைத்தவன் கொடுத்த சட்டை அது. இரண்டு மூன்று மாதத்தில் பெரும்பாலான குஞ்சுகளுக்கு அந்தச் சட்டை கழலத் தொடங்கும். முதலில் வயிற்றோரம் வெளுக்கும். பிறகு விலா. முதுகில் மட்டும் ஒரு கரிய பட்டை பிடிவாதமாகத் தங்கியிருந்து, அதுவும் ஒருநாள் போய்விடும்.

புதிதாக எந்தச் சாயமும் அங்கே பூசப்படவில்லை. கரிய நிறமிச் செல்கள் மடிந்து விலகுகின்றன, அவ்வளவுதான். மஞ்சளும் சிவப்பும் ஏற்கெனவே தோலில் இருந்தவை. சீனத்தில் சோங் அரசர் காலத்தில், சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், குளங்களில் இந்த மீனைப் பேணி வளர்த்தவர்கள் பொன்னை உண்டாக்கவில்லை. கறுப்பை இழக்கும் மரபு உள்ளவற்றைக் கொக்குக்கு இரையாகாமல் காத்தார்கள்.

இந்த நிறச் செல்கள் வரும் வழியே ஒரு வியப்பு. கரு உருவாகும்போது முதுகுத் தண்டை ஒட்டிய விளிம்பிலிருந்து ஒரு செல் கூட்டம் புறப்படுகிறது. அதில் சில நரம்புகளாகின்றன. சில தோலுக்கு நடந்துபோய்க் கறுப்பாகவும் மஞ்சளாகவும் ஒளி திருப்பும் கண்ணாடியாகவும் அமர்கின்றன. யார் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது யார்? மரபணு என்று விடை சொல்லலாம். எனக்கு அந்த விடை வியப்பைக் கூட்டுகிறதே தவிரக் குறைக்கவில்லை.

அந்தக் கண்ணாடிச் செல்களுக்குள் இருப்பவை குவானின் என்னும் பொருளின் மெல்லிய படிகங்கள். செதிலின் மினுமினுப்பு முழுக்க அவற்றின் வேலை. டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றும் இதே குவானின்தான்! மரபை எழுதும் எழுத்தையே எடுத்து மீனுக்கு மினுக்கும் ஏற்றியிருக்கிறான் படைத்தவன்.

குவானின் இல்லாத கோல்டு பிஷ்ஷும் உண்டு. ரோஜா நிற உடல். செவுள் மூடி வழியே உள்ளிருக்கும் செவுளின் சிவப்பு அப்படியே தெரியும். கருவிழியைச் சுற்றிப் பளபளக்கும் வளையம் இல்லாததால் கண் முழுக்கக் கறுப்பு. இதையும் மினுங்கும் மீனையும் இணைத்தால் பிறப்பவை எல்லாம் இரண்டுக்கும் இடைப்பட்ட பலநிறப் புள்ளி மீன்கள், கடைக்காரர்கள் காலிகோ என்பவை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பிய சீன உயிரியலாளர் சென் ஜென் 1928இல் இது மெண்டலின் மரபு விதிக்கு அடங்குவதைக் காட்டினார். காலிகோவையும் காலிகோவையும் சேர்த்தால் கால் பங்கு மினுங்கும், கால் பங்கு ஒளி ஊடுருவும், பாதிதான் காலிகோ. விஷயம் தெரிந்த பண்ணைக்காரர் அதனால்தான் முதல் வகை ஜோடியைத் தேர்ந்தெடுப்பார். ஒரு குஞ்சும் வீணாகாது.

காலிகோவில் விலை கூடியது நீலம். ஆனால் அந்த மீனில் நீல நிறமியே கிடையாது. தோலுக்கு அடியில் ஆழத்தில் கிடக்கும் கறுப்புதான் மேல்தோல் வழியே நமக்கு நீலமாகத் தெரிகிறது. பாதி, கால் என்ற கணக்கை முன்கூட்டியே சொல்லிவிடும் பண்ணைக்காரரும், எந்தக் குஞ்சுக்கு எந்தப் பக்கம் நீலம் விழும் என்பதை வளர்ந்த பிறகுதான் பார்க்க வேண்டும்.