கை ஒடிந்த துப்பாக்கி

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாய்க்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். போன் அடித்தது.

"அண்ணே, கை ஒடிஞ்சிருச்சு."

"ஐயோ, எந்த ஆஸ்பத்திரியில இருக்க?"

"ஆஸ்பத்திரி இல்லண்ணே, ரேஞ்சுல இருக்கேன். என் கை இல்ல, ரிவால்வர் கை."

ஈப்போவை அடுத்த மெங்லெம்புவில் லேத் பட்டறை வைத்து முப்பத்தொரு வருஷம் ஆகிறது. கல்லுடைக்கும் மெஷின் தண்டு, பம்ப் ஷாப்ட், பல் போன சக்கரம் என்று எது வந்தாலும் பார்ப்பேன். போன் செய்த தம்பி லாரி வைத்துத் தொழில் செய்பவர், என் வாடிக்கையாளர். வாரக் கடைசியில் குறிசுடும் கிளப்புக்குப் போவார். கிளப்பின் துப்பாக்கியில்தான் பயிற்சி, அங்கேயே ஆயுத அறையில் பூட்டிவிட்டுத்தான் வீடு திரும்புவார். மற்றபடி எறும்பை மிதிக்கவும் யோசிக்கிற ஆள்.

"ஒடிஞ்ச துண்டைத் தீப்பெட்டியில போட்டு வச்சிருக்கேன். மத்தியானம் பட்டறைக்குக் கொண்டாரட்டுமா? சின்னத் துண்டுண்ணே, நகம் அளவுதான். நீங்க ஒரு மணி நேரத்துல செஞ்சிருவீங்க."

"கொண்டாராதே. அந்தத் தீப்பெட்டி ரேஞ்ச் கேட்டைத் தாண்டக்கூடாது. போய் ஆயுத அறைப் பொறுப்பாளர் கையில குடு. மத்ததை அப்புறம் பேசலாம்."

அவருக்குக் கொஞ்சம் வருத்தம். ஒரு மணி நேரத்தில் இல்லாவிட்டாலும் ஒரு பகலில் செய்திருப்பேன், அது அவருக்கும் தெரியும். ஆனால் நம் நாட்டின் 1960-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் ஆயுதம் என்று சொல்லும்போது முழுத் துப்பாக்கியோடு நிற்பதில்லை. அதன் பாகத்தையும் ஆயுதம் என்றே கணக்கு வைக்கிறது. தீப்பெட்டிக்குள் கிடக்கும் நகம் அளவு இரும்பும் சட்டத்தின் கண்ணுக்குத் துப்பாக்கிதான். லைசன்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 7 வருஷம் வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். 1971-ல் வந்த இன்னொரு சட்டம் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு 14 வருஷம் வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் சொல்கிறது. உரிமமில்லாமல் ஆயுதம் செய்வது இதையெல்லாம் விடப் பெரிய குற்றம். 2023-ல் கட்டாய மரண தண்டனையை நீக்குவதற்காகத் திருத்திய சட்டங்களின் வரிசையில் இந்த ஆயுதச் சட்டமும் இருந்தது என்றால் அதன் கனம் புரியும். என் லேத்துக்கு அந்தக் கனம் தாங்காது.

அடுத்த ஞாயிறு நானே ரேஞ்சுக்குப் போனேன், பார்க்க மட்டும்.

பொறுப்பாளர் மேசையில் துணி விரித்து வைத்திருந்தார். ஸ்மித் அண்ட் வெஸன், கே-38 வகை, ஆறு ரவை, பாயிண்ட் 38. கறுப்பு மெருகு ஓரங்களில் தேய்ந்து வெள்ளி தெரிந்தது. பழைய தையல் மெஷினைப் பார்க்கிற மாதிரி இருந்தது எனக்கு. வேலை செய்து தேய்ந்த இரும்புக்கு ஒரு அழகு உண்டு.

கை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ரிவால்வரின் நடுவில் ஆறு துளை உள்ள உருளை இருக்கிறதே, அதன் பின்பக்கம் நட்சத்திரம் போல ஆறு பல். விசையின்மேல் பொருத்திய ஒரு மெல்லிய எஃகுத் தகடு, துப்பாக்கியின் உடற்சட்டத்தில் உள்ள ஒரு சன்னல் வழியாக எட்டிப் பார்த்து, ஒரு பல்லைப் பிடித்து மேலே தள்ளும். உருளை 60 பாகை திரும்பும். இந்தத் தகட்டுக்குத்தான் அந்தத் தொழிலில் 'ஹேண்ட்' என்று பெயர். திரும்பிய உருளையை நிறுத்த அடியிலிருந்து ஒரு கொக்கி எழும்பிப் பள்ளத்தில் விழும். சுத்தியல் முழுதாகப் பின்னால் போவதற்குள் கொக்கி விழுந்து பூட்டியிருக்க வேண்டும், துளையும் குழலும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இந்த ஒழுங்கை 'டைமிங்' என்பார்கள். கார் எஞ்சினில் சொல்கிற அதே சொல், அதே சங்கதி. (ஸ்மித் அண்ட் வெஸன் உருளை இடப்பக்கமாகச் சுற்றும், கோல்ட் வலப்பக்கமாகச் சுற்றும். இரண்டுமே அமெரிக்காதான். ஏன் இப்படி என்று கேட்டால் துப்பாக்கிக்காரர்கள் ஒரு ராத்திரி முழுக்கப் பேசுவார்கள்.)

கையின் நுனி தேய்ந்தாலோ உதிர்ந்தாலோ உருளை ஒரு மயிரிழை குறைவாகத் திரும்பும். கொக்கி விழாது. துளை குழலுக்கு நேராக நில்லாமல் சற்று ஒதுங்கியிருக்கும்போதே ரவை புறப்பட்டால், ஈயம் குழல் வாயின் விளிம்பில் சீவிக்கொண்டு பக்கவாட்டில் தெறிக்கும். பக்கத்தில் நிற்பவர் கன்னத்தில் குத்தும்.

இதில் ஒரு வேடிக்கை. வேகமாக இழுத்தால் இந்தக் குற்றம் தெரியாது. உருளை சுற்றுகிற வேகத்திலேயே மிச்சத் தூரத்தை ஓடிக் கொக்கியில் விழுந்துவிடும். மெதுவாக, உருளையை ஒரு விரலால் லேசாகத் தடுத்துக்கொண்டு சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தால்தான் நோய் வெளிவரும். 1999-ல் ஜெர்ரி மிக்குலெக் என்ற அமெரிக்கர் ஆறு சுட்டு, ரவை மாற்றி, மறுபடி ஆறு சுட்டு 2.99 விநாடியில் முடித்தார். அப்படிப்பட்ட கைக்கு டைமிங் பிசகினால்கூடச் சில நாள் தெரியாமல் போகலாம். நம் தம்பி சுடுவது 25 மீட்டர் பந்தயம். அறுபது ரவையில் முதல் முப்பது நிதானம். ஐந்து ரவைக்கு ஐந்து நிமிஷம் தருவார்கள். அடுத்த முப்பதில் அட்டை 3 விநாடி முகம் காட்டும், 7 விநாடி திரும்பிக்கொள்ளும், காட்டும்போது ஒரு ரவை. விசையின் கனம் 1 கிலோவுக்குக் குறையக்கூடாது, எடைக்கல்லைத் தொங்கவிட்டே பார்ப்பார்கள். இந்த நிதானத்தில்தான் மூன்றாவது துளை வரும்போதெல்லாம் 'டிக்' சத்தம் கேட்கவில்லை என்று அவர் கவனித்திருக்கிறார். கவனித்தவர் அன்றே நிறுத்தியிருக்கலாம். இரண்டு மாதம் ஓட்டினார். பிறகு நுனி மொத்தமாகப் போயிற்று.

பொறுப்பாளர் இன்னொன்றும் காட்டினார். உருளைத் தாங்கி லேசாக வளைந்திருந்தது. யாரோ சினிமாவில் வருகிற மாதிரி மணிக்கட்டைச் சுண்டி உருளையை 'டப்'பென்று மூடியிருக்கிறார்கள். தோட்டத் திடலில் திரை கட்டி ஜெய்சங்கர் படம் போட்ட காலத்தில் நாங்களும் கொட்டாங்கச்சியில் அப்படித்தான் சுண்டினோம். உண்மைத் துப்பாக்கியை அப்படிச் சுண்டுகிறவனிடம் பந்தயத் துப்பாக்கியைக் கொடுக்கக்கூடாது.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தேன். தம்பி சிரித்தார். "தொட்டுப் பாருங்கண்ணே, அவர்தான் பக்கத்துலயே இருக்காரே." தொடவில்லை. அதற்கு ஒரு கதை இருக்கிறது.

என் அப்பா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஸ்டோர் பிட்டர். ரப்பர் பாலை உறையவைத்துத் தகடாக அழுத்தும் மெஷின்கள், அவற்றை ஓட்டும் டீசல் எஞ்சின் எல்லாம் அவர் பொறுப்பு. 1948 ஜூன் 16 காலை அந்த வட்டாரத்தில்தான் எல்பில் தோட்டத்து வாக்கரும், பின் சூன் தோட்டத்து அலிசனும் கிறிஸ்டியனும் ஆக மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வந்தது, துரைமார் இடுப்பில் ரிவால்வர் வந்தது. அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு பிடிபட்டால் தூக்கு என்றும் சட்டம் வந்தது. மறுவருஷம் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதியை ரவாங் பக்கம் பிடித்தார்கள். கைத்துப்பாக்கியும் ரவையும் வைத்திருந்ததாகக் குற்றச்சாட்டு. இந்தியா கேட்டுக்கொண்டும் கேளாமல் 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அன்று லயத்தில் பல வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று பாட்டி சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் துரையின் ரிவால்வர் சிக்கிக்கொண்டது. ஸ்டோருக்குக் கொண்டுவந்து எஞ்சின் பக்கத்துப் பெஞ்சில் வைத்து, "பிட்டர், கொஞ்சம் பார்" என்றார். அப்பா கையிலிருந்த எண்ணெய்த் துணியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினாராம். "துரை, எஞ்சின் குடுங்க பாக்குறேன். இது வேணாம்." துரைக்குக் கோபமா சிரிப்பா என்று அப்பா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சொல்வார். துரையே கேட்டால் குற்றமா என்று சின்ன வயதில் நான் மடக்கியிருக்கிறேன். "போலீஸ்காரன் உள்ள வரும்போது துப்பாக்கி யார் கையில இருக்குன்னுதான் பாப்பான். யார் குடுத்தான்னு பாக்கமாட்டான்" என்பார்.

அவசரகாலம் 1960 ஜூலையில் முடிந்தது. ஆயுதச் சட்டத்தின் தலையிலும் அதே வருஷம்தான் இருக்கிறது.

கிளப் துப்பாக்கி, விற்கவும் பழுதுபார்க்கவும் உரிமம் உள்ள ஒரு கடைக்குப் போயிற்று. தம்பி மூன்று வாரம் என்று நினைத்தார். எட்டு மாதம் ஆயிற்று. பாகம் அமெரிக்காவில். அங்கிருந்து துப்பாக்கிப் பாகம் வெளியே வர அந்த நாட்டு விதிகளைத் தாண்ட வேண்டும். முன்பு இதை அவர்களுடைய வெளியுறவுத் துறை பார்த்தது, 2020 மார்ச்சுக்குப் பிறகு இந்த மாதிரிச் சாமான் பெரும்பாலும் வணிகத் துறைக்கு மாறியது. இந்தப் பக்கம் போலீஸ் அனுமதி, சுங்கம். இரண்டு கரையிலும் தாள் ஒத்துப்போனால்தான் நகம் கப்பலேறும். நடுவில் தம்பி என்னைப் பார்த்து, "நீங்க அன்னைக்கே செஞ்சிருந்தா..." என்று ஆரம்பிப்பார். நான் ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிடுவேன்.

காத்திருந்த மாதங்களில் கடையில் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரரோடு எனக்குப் பழக்கமாயிற்று. எழுபதைத் தாண்டிய சீனர். நான் தஞ்சோங் துவாலாங் ஈயம் தோண்டும் கப்பல் பட்டறை ஒன்றில் எடுபிடியாக இருந்து தொழில் கற்றவன் என்றதும் நாற்காலி இழுத்துப் போட்டார். பாகம் இரண்டு வகை என்றார். பழையவை எஃகுக் கட்டியிலிருந்து வெட்டி, அரத்தால் முடித்தவை. 1990-களின் பிற்பகுதியிலிருந்து அந்தக் கம்பெனி வேறு வழிக்கு மாறியது. உலோகத் தூளைப் பசையோடு முறுக்கு மாவு மாதிரி பிசைந்து அச்சுக்குள் அழுத்தி, பசையை நீக்கி, சூளையில் சுட்டு இறுக வைப்பது. அச்சில் வந்த பாகம் ஒன்றுபோல் ஒன்று இருக்கும், பெரும்பாலும் அப்படியே பொருந்தும். கிழவர்கள் அதைத் திட்டுவார்கள். நான் திட்டமாட்டேன். ஆயிரம் பாகம் ஒரே அளவில் வருவது லேத்காரனுக்குக் கனவு. ஆனால் தம்பி சுடும் துப்பாக்கி பழையது. அதற்குப் பழைய வகைக் கைதான் வேண்டும், வாங்கியதும் போடமுடியாது, அந்த ஒரு துப்பாக்கிக்கென்று சேர்க்க வேண்டும்.

சேர்த்த நாளன்று என்னையும் கூப்பிட்டார்கள். ஆர்மரர் திருகுகளைக் கழற்றினார். பக்கத் தகட்டை நெம்பவில்லை. நெம்பினால் அந்த ஓரம் ஜென்மத்துக்கும் சேராது. உடற்சட்டத்தை மரப்பிடியால் தட்டினார், நாலாவது தட்டில் தகடு தானே எழும்பி வந்தது. புதிய கை சன்னலுக்குள் நுழையாமல் முரண்டியது. ஆர்மரர் ஒரு சின்ன டப்பாவைத் திறந்தார். நீல மை. அதைத் துளி தொட்டுக் கையின் பக்கத்தில் பூசி, உள்ளே விட்டு, வெளியே எடுத்தார். மை அழிந்த இடம்தான் இடிக்கும் இடம். ஆயில் ஸ்டோனில் மூன்று இழுப்பு. மறுபடி மை, மறுபடி உள்ளே. இரண்டு இழுப்பு. மறுபடி மை.

எனக்கு ஸ்டோர் எஞ்சின் ஞாபகம் வந்துவிட்டது. பேரிங் மாற்றும்போது அப்பா தண்டில் இதே நீலத்தைப் பூசிச் சுற்றுவார், ஒட்டிய இடத்தைச் சுரண்டுவார், மறுபடி பூசுவார். ராத்திரி சோறு உண்ணும்போதும் விரல் நீலமாக இருக்கும். அம்மா கத்துவார்.

நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. ஆறு துளையையும் ஒவ்வொன்றாக, விரலால் உருளையைத் தடுத்து, மெதுவாக இழுத்துப் பார்த்தார். ஆறு 'டிக்'. குழல் வழியாக ஒரு அளவுக் கம்பியை விட்டார், ஆறு துளையிலும் தடங்கலில்லாமல் இறங்கியது. உருளைக்கும் குழலுக்கும் இடைவெளி பீலர் கேஜில் ஆறு 'தவ்', அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு. வளைந்த உருளைத் தாங்கியை முன்பே நிமிர்த்தியிருந்தார். கூலி தம்பியின் லாரி டயர் ஒன்றின் விலைகூட இல்லை.

ஒடிந்த பழைய கையை நான் கேட்டேன், ஞாபகத்துக்கு. ஆர்மரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை நெகிழி உறையில் போட்டு, எண் எழுதி, கோப்போடு சேர்த்து ஊசி குத்தினார். கேட்டது என் முட்டாள்தனம்.

அடுத்த வாரம் தம்பி சுட்ட அட்டையை போனில் அனுப்பினார். தட்டை மூக்கு ரவை காகிதத்தில் துளைக் கருவியால் குத்தின மாதிரி வட்டமாகத்தான் ஓட்டை போடும். ஐந்து வட்டம், நான்கு நடுவில், ஒன்று எங்கோ ஏழில். "அது என் தப்புண்ணே, துப்பாக்கி தப்பு இல்ல" என்று கீழே எழுதியிருந்தார்.

ஆர்மரரின் மை டப்பா காலியாகிக்கொண்டிருந்ததை அன்று கவனித்திருந்தேன். என்னிடம் அப்பாவுடைய டப்பா ஒன்று இன்னும் இருக்கிறது. மூடி துருப்பிடித்தாலும் மை காயவில்லை. பாதியை ஒரு பிலிம் டப்பாவில் வழித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"இதுக்கு லைசன்ஸ் வேணாமா?" என்று மலாயில் கேட்டார்.

வேண்டாம் என்றேன்.