சைக்கிள் ஸ்டாண்டில் ஓர் இயற்பியல் பாடம்

தமிழ்நாட்டில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 11ஆம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி கிடைக்கிறது. அறிவியல் பிரிவு எடுத்தவர்களுக்கு அதே வகுப்பில்தான் திருப்புவிசை, சுழல் இயக்கம், உராய்வு எல்லாம் வருகின்றன. வளைவில் சைக்கிள் ஓட்டுபவர் ஏன் சாய்கிறார் என்பதற்கே பாடநூலில் தனிப்பகுதி உண்டு. ஆனால் பாடம் வகுப்பறையில் நடக்கிறது, சைக்கிள் ஸ்டாண்டிலேயே நிற்கிறது. பள்ளிக்கு வந்துபோக மட்டும் அது பயன்பட்டால், கொடுத்ததில் பாதி வீண் என்றே சொல்வேன்.

எந்திரம் என்றால் சிறு விசையைப் பெரிதாக்குவது என்று பலரும் நினைக்கிறோம். சைக்கிள் செய்வது நேர் எதிர். முன்னால் பெரிய பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு சுற்று வந்தால் பின்சக்கரம் ஏறத்தாழ 2.44 சுற்று சுற்றும். 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர், ஆக, வண்டி 5.4 மீட்டர் நகரும். கிராங்க் 17 செ.மீ. என்றால் கால் சுற்றிவந்த தூரமோ ஒரு மீட்டருக்குச் சற்று மேல். தூரம் ஐந்து மடங்கு கூடினால் விசை ஐந்தில் ஒன்றாகத்தானே குறையும்? மேட்டில் எழுந்து நின்று மிதிப்பது அதனால்தான். இந்தத் தூரக் கணக்கைச் சோதிக்க டயரில் ஒரு சாக்பீஸ் கோடும் அளவுநாடாவும் போதும். அளந்தது கணக்கோடு ஒட்டாமல் போனால் இன்னும் நல்லது: ஆள் ஏறியதும் டயர் அமுங்குகிறதே, அதைப் பற்றிய பேச்சு தானாகத் தொடங்கும். சாய்வுக் கணக்கும் அப்படித்தான். 5 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் திரும்ப, சுமார் 20 டிகிரி சாய வேண்டும். வேகத்தை இரட்டித்தால் சூத்திரம் 55 டிகிரி கேட்கும். டயர் அதற்கு முன்பே வழுக்கிவிடும்.

தினம் ஓட்டுகிற வண்டியில் கற்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். லிவர்பூல் பல்கலைக்கழக உளவியலாளர் ரெபேக்கா லாசன் 2006இல் வெளியிட்ட ஆய்வில், சைக்கிளை நினைவிலிருந்து வரைந்தவர்களில் பலர் செயினை இரு சக்கரங்களுக்கும் சேர்த்து மாட்டியிருந்தார்கள். அப்படி மாட்டினால் ஹேண்டில்பாரைத் திருப்பவே முடியாது. ரோபோ வந்த காலத்தில் பழைய சைக்கிள் எதற்கு என்பாரும் உண்டு. ஆனால் சைக்கிள் விழாமல் ஓடுவது ஏன் என்பதே இன்னும் முழுதாகத் தீராத கேள்வி. சுழலும் சக்கரங்கள்தான் காரணம் என்ற விளக்கத்தைச் சோதிக்க, டேவிட் ஜோன்ஸ் எதிர்த்திசையில் சுழலும் சக்கரம் ஒன்றைப் பொருத்தி ஓட்டிப் பார்த்து 1970இல் எழுதினார், ஓட்ட முடிந்தது. டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல், சக்கரச் சுழற்சி உட்பட வழக்கமாகச் சொல்லப்படும் இரண்டு காரணங்களும் இல்லாத வண்டியொன்று ஆளில்லாமலே தன்னை நிமிர்த்திக்கொள்வதை ‘சயின்ஸ்’ இதழில் காட்டினார்கள். விடையை மனப்பாடம் செய்ய முடியாத பாடம் பள்ளியில் அபூர்வம்.

கனமான ஆட்சேபம் வேறு. ஏழைப் பிள்ளைக்கு ஸ்பேனர், வசதியான பிள்ளைக்குக் கம்ப்யூட்டரா? 1953இல் ராஜாஜி கொண்டுவந்து, குலக்கல்வி என்ற எதிர்ப்பால் அடுத்த ஆண்டே கைவிடப்பட்ட திட்டத்தை மறக்காத மாநிலத்தில் இந்தச் சந்தேகம் நியாயமானது. ஆகவே பஞ்சர் ஒட்டக் கற்பிப்பது நோக்கமாக இருக்கக் கூடாது. அளப்பதும் கணிப்பதும் கணிப்பு ஏன் தவறியது என்று தேடுவதுமே பாடம். தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அது பொதுவாக இருக்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்பித்தபோது, அது யாரையும் ஒரு தொழிலுக்குள் அடைக்கவில்லை.

நேரமில்லை என்பதை அவ்வளவாக ஏற்க முடியவில்லை. பல் எண்ணி விகிதம் காண ஒரு பீரியடு போதும். ஆனால் செய்முறைத் தேர்வில் வராத எதையும் பள்ளிகள் தொடுவதில்லை என்பது உண்மை. 11ஆம் வகுப்பில் கம்பியின் நீளம், இழுவிசை, அதிர்வெண் ஆகியவற்றுக்கு இடையிலான உறவைச் சுரமானியில் காணும் சோதனை இருக்கிறது. பெண்டு எடுக்கும் மெக்கானிக் ஸ்போக்ஸைத் தட்டி, ஒலியை வைத்து எது தளர்ந்தது என்று கண்டுபிடிப்பதும் அதே விதியால்தான். அந்தச் சோதனையோடு ஒரு சைக்கிள் சக்கரத்தையும் சேர்ப்பதில் தொடங்கலாம்.