காட்டுப்பன்றியைச் சுட எந்தத் துப்பாக்கி?

திருவனந்தபுரம்: போனக்காடு போன்ற வனத்தையொட்டிய பகுதிகளில் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கேரள அரசு 2022-இல் வழங்கியது. துப்பாக்கி உரிமம் பெற்றவர்களே சுட முடியும். எந்தத் துப்பாக்கி என்பதில்தான் சிக்கல்.

பாயிண்ட் 22 போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் எடை குறைந்தது. ஆனால், அதன் சிறிய தோட்டா பன்றியைக் காயப்படுத்துவதோடு நின்றுவிடக்கூடும். காயம்பட்ட பன்றியோ ஆளைத் தாக்கும். இஷாப்பூர் தொழிற்சாலையின் பாயிண்ட் 315 ரைபிள் பன்றியை வீழ்த்தும். எனினும், குறி தப்பிய தோட்டா ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் பாயும். தொழிலாளர் லயங்கள் உள்ள தேயிலைச் சரிவில் அது பேராபத்து. அத்தகைய இடத்தில், குறைந்த தொலைவில் சுடுவதற்கான 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கியே ஏற்றது.

வசதிக்காகக் குழலை வெட்டிக் குறைப்பதற்கும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தனி உரிமம் தேவை.