எனிக்மா உடைந்த விதம்

பார்வைக்குத் தட்டச்சுப் பொறி. ஒரு மரப்பெட்டிக்குள் அடங்கிவிடும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படைகளின் ரகசியங்களைச் சுமந்த எனிக்மா இதுதான். பொறியாளர் ஆர்தர் ஷெர்பியஸ் 1918இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இப்பொறி, முதலில் வணிகர்களுக்கே விற்பனைக்கு வந்தது. 1926இல் கடற்படையும் பின்னர் தரைப்படையும் அதை ஏற்றன.

‘ஏ’ என்ற விசையை அழுத்தினால், முதலில் வலக்கோடிச் சக்கரம் ஒரு படி நகரும். முன்பக்கச் செருகுபலகை வழியாக மின்சாரம் புகுந்து, மூன்று சக்கரங்களைக் கடந்து, கடைசியிலுள்ள திருப்பியை அடைந்து, வேறு பாதையில் திரும்பி வரும். மேலே ‘கியூ’ விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம், அதுதான் மறைஎழுத்து. மறுபடி ‘ஏ’ அழுத்தினால் வேறொரு விளக்கு எரியக்கூடும், சக்கரம்தான் நகர்ந்துவிட்டதே! செருகுபலகையில் பத்து இணைப்புகளை மட்டுமே சுமார் 150 லட்சம் கோடி விதமாக அமைக்கலாம்.

செய்தியைப் பெறுபவர் தம் பொறியையும் அதே அமைப்பில் வைத்து மறைஎழுத்துகளைத் தட்டினால் போதும், மூலச் செய்தி வந்துவிடும். திருப்பி தந்த வசதி இது. ஆனால் அதே திருப்பியால் எந்த எழுத்தும் மறைஎழுத்தாகத் தன்னையே பெற முடியாமல் போயிற்று.

எனிக்மாவை முதலில் உடைத்தவர்கள் போலந்துக்காரர்கள். ஒவ்வொரு செய்தியின் தொடக்கத்திலும் அதன் திறவுகோலை, அதாவது சக்கரங்களின் தொடக்க நிலையைக் குறிக்கும் எழுத்துகளை, இருமுறை தட்டுவது ஜெர்மானியர் விதி. அந்த இரட்டிப்பைப் பிடித்துக்கொண்டு, பிரெஞ்சு உளவுத்துறை தந்த ஆவணங்களின் துணையுடன், கணிதவியலாளர் மரியன் ரெயெவ்ஸ்கி 1932 டிசம்பரில் சக்கரங்களின் உட்கம்பி அமைப்பைச் சமன்பாடுகளால் கண்டறிந்தார். போர் மூளும் முன், 1939 ஜூலையில், போலந்து தன் கண்டுபிடிப்புகளை பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் வழங்கியது.

பிரிட்டனின் மறைசெய்தி உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் கணிதவியலாளர் ஆலன் டூரிங் வேறு வழி வகுத்தார். வானிலை அறிக்கைகளில் வழக்கமான சொற்கள் வந்துகொண்டே இருக்கும். அப்படி ஊகித்த சொல்லை மறைசெய்தியின் கீழே வைத்து நகர்த்திப் பார்ப்பார்கள். மேலும் கீழும் ஒரே எழுத்து நேர்பட்டால் அந்த இடம் தவறு; அடித்துவிடலாம். எஞ்சிய இடங்களைக் கொண்டு, 1940 முதல் ‘பாம்ப்’ என்ற மின்பொறி சாத்தியமான அமைப்புகளைச் சோதித்தது. அங்கு பணியாற்றிய மற்றொரு கணிதவியலாளர் கார்டன் வெல்ச்மன் அதை மேலும் வேகமாக்கினார்.

கோடிகோடியான அமைப்புகள் இருந்தும் எனிக்மா தோற்றது. கையாளும் வசதிக்காக வைத்த திருப்பியும், மாறாத பழக்கங்களும் அந்த எண்ணிக்கையைப் பயனற்றதாக்கின. ஒரு மறையாக்க முறை பாதுகாப்பானதா என்று அறிய, திறவுகோல்களை எண்ணினால் மட்டும் போதாது. அதைப் பயன்படுத்துவோர் தினமும் எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.