சிக்கனத்தின் சிருஷ்டிகள்

ஒரு திரைப்படத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லத் தொடங்குகிறவர்கள், அதன் குணதோஷங்களைப் பேசுவதற்கு முன்னால், அதற்கு எத்தனை கோடி செலவாயிற்று, எத்தனை நூறு பேர் இரவு பகலாக உழைத்தார்கள் என்று கணக்குச் சொல்லும் வழக்கம் எப்படியோ நம்மிடையே வேரூன்றிவிட்டது. இளைஞர்கள் ஆடுகிற வீடியோ கேம்களையும், காதில் செருகிக்கொண்டு கேட்கிற பாப் சங்கீதத்தையும்கூட இந்தக் கணக்கு விட்டுவைக்கவில்லை. ஆயினும் அண்மை ஆண்டுகளில் வெளிவந்தவற்றுள் என் மனத்தைக் கவர்ந்தவை எவை என்று எண்ணிப் பார்த்தால், ஒரு படம், ஒரு விளையாட்டு, ஒரு பாட்டுத் தொகுப்பு ஆகிய மூன்றுமே முன்னே வந்து நிற்கின்றன. மூன்றும் வெவ்வேறு தேசங்களில், சொற்பப் பேர் சொற்பச் சாதனங்களைக் கொண்டு ஆக்கியவை. வசதி குறைவாக இருந்ததே அவற்றின் அழகுக்குக் காரணமாயிற்று என்பது என் கட்சி.

பால்டிக் கடலோரத்துச் சிறு நாடாகிய லாட்வியாவைச் சேர்ந்த கின்ட்ஸ் சில்பாலோடிஸ் இயக்கி, 2024-இல் கான் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட 'ஃப்ளோ' என்ற அனிமேஷன் படத்தில் ஒரு வார்த்தை வசனம்கூடக் கிடையாது. மனித சஞ்சாரமே அற்றுப்போன உலகில் வெள்ளம் பெருகி வர, தன்னந்தனியாகத் திரிந்த ஒரு பூனை பாய்மரப் படகொன்றில் தாவி ஏறி, அங்கே ஒரு கேப்பிபாரா, ஒரு நாய், ஒரு லெமூர், நெடுங்கால் பறவை ஒன்று ஆகியவற்றோடு கூடி வாழக் கற்றுக்கொள்வதுதான் கதை. கார்ட்டூன் மிருகங்கள் ஹாஸ்யம் பேசியும் ஆடிப் பாடியும் நம்மைச் சிரிக்க வைப்பது வாடிக்கையாகிவிட்ட காலத்தில், இந்தப் பூனை பூனையாகவே நடந்துகொள்கிறது; காதின் திருப்பத்திலும் வாலின் அசைவிலும் அதன் பயத்தையும் சந்தேகத்தையும் நாமே கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது. ஒலிகளும் உண்மையான பிராணிகளிடமிருந்து பதிவு செய்யப்பட்டவையே. கேப்பிபாராவின் இயற்கைக் குரல் அதன் சாந்த சுபாவத்துக்குப் பொருந்தாமல் கீச்சென்று ஒலித்தபடியால், ஓர் ஒட்டகக் குட்டியின் குரலை அதற்குக் கொடுத்தார்கள்.

மிருகங்களின் ரோமம் தீட்டிய வண்ணம் போல் தட்டையாக இருப்பது தொடக்கத்தில் கண்ணை உறுத்தத்தான் செய்கிறது. படகு நகரத் தொடங்கியபின் அது நினைவிலேயே இருப்பதில்லை. படத்துக்கு ஆன செலவு ஏறக்குறைய 35 லட்சம் யூரோ. ஆஸ்கர் பரிசுக்கு அதனோடு போட்டியிட்ட பிக்ஸார் நிறுவனத்தின் 'இன்சைட் அவுட் 2' படத்துக்கோ சுமார் 20 கோடி டாலர் செலவாயிற்று என்பார்கள். 2025 மார்ச் மாதத்தில் பரிசு லாட்வியாவுக்குப் போயிற்று. அந்நாட்டுப் படமொன்று ஆஸ்கர் பெற்றது அதுவே முதல் தடவை. சில்பாலோடிஸ் கையாண்ட 'பிளெண்டர்' என்னும் மென்பொருளை யாரும் ஒரு காசும் கொடுக்காமல் பெறலாம். 2002-இல் அதை வளர்த்த நிறுவனம் மூடப்பட்டபோது, அதை விரும்பியவர்கள் 1,00,000 யூரோ நன்கொடை திரட்டி உலகத்தின் பொதுச் சொத்தாக்கினார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

அடுத்தது விளையாட்டு. 'லோக்கல்தங்க்' என்ற புனைபெயருக்குள் தம்மை மறைத்துக்கொண்டிருக்கும் கனடாக்காரர் ஒருவர் ஏறக்குறையத் தனியாகவே உருவாக்கி, 2024 பிப்ரவரியில் வெளியிட்ட 'பலாட்ரோ' என்ற சீட்டு விளையாட்டில், பிரமிக்க வைக்கும் காட்சிகளோ யுத்த களங்களோ இல்லை. போக்கர் ஆட்டத்தில் போலச் சீட்டுகளைச் சேர்த்து இறக்க வேண்டும். அவற்றுக்குரிய எண்ணை ஒரு பெருக்குத்தொகையால் பெருக்கினால் புள்ளி கிடைக்கும். இரண்டு ராஜாக்களை ஜோடியாக இறக்கினால், ஜோடிக்கு 10, ராஜா ஒவ்வொன்றுக்கும் 10, ஆக 30. அதை 2-ஆல் பெருக்க 60. கையில் சாதாரண ஜோக்கர் ஒன்று இருந்தாலோ பெருக்குத்தொகையில் 4 கூடி, அதே ஜோடிக்கு 180 புள்ளி வந்துவிடும். இப்படி வெவ்வேறு குணம் படைத்த 150 ஜோக்கர்கள் உண்டு. முதல் ஆட்டத்தில் 300 புள்ளி எடுத்தால் போதுமென்றிருக்க, எட்டாம் படியில் 50,000-க்குக் குறையாமல் எடுக்க வேண்டியிருப்பதால், எந்த ஜோக்கரை எதனோடு சேர்ப்பது என்ற யோசனையிலேயே இரவு கழிந்துவிடுகிறது. அதுவே இந்த விளையாட்டின் சிறப்பு. அதுவே அதன் ஆபத்தும்.

இதில் பணயப் பணம் கிடையாது. ஆயினும் போக்கர் சீட்டைக் காரணம் காட்டி ஐரோப்பிய வயதுத்தர அமைப்பு இதைப் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கானது என்று விதித்து, பின்னர் 2025-இல் அந்த வரம்பைப் பன்னிரண்டாகக் குறைத்தது. ஓராண்டு நிறைவதற்குள் 50 லட்சம் பிரதிகள் விற்றுவிட்டன. இதே 2024-இல் சோனி நிறுவனம் பல ஆண்டு உழைப்புக்குப் பின் ஆகஸ்டு 23-ஆம் தேதி வெளியிட்ட 'கான்கார்ட்' என்ற விளையாட்டு, ஆடுவதற்கு ஆள் சேராமல் செப்டம்பர் 6-ஆம் தேதியே நிறுத்தப்பட்டு, வாங்கியவர்களுக்குப் பணமும் திருப்பித் தரப்பட்டது.

சங்கீதத்துக்கு வருவோம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பெற்றோர் வீட்டுச் சிறிய படுக்கையறை ஒன்றில், பாடகி பில்லி ஐலிஷும் அவருடைய தமையன் ஃபினியஸும் சேர்ந்து பதிவு செய்து 2019-இல் வெளியிட்ட முதல் ஆல்பம், மறு ஆண்டு கிராமி விழாவின் நான்கு பிரதானப் பரிசுகளையும் ஒரே இரவில் அந்தப் பதினெட்டு வயதுப் பெண்ணுக்குத் தேடித் தந்தது. ஒரு பாட்டில் பல் வைத்தியரின் துளைக்கருவி இரைவதும், 'பேட் கை' என்ற பாட்டில் சிட்னி நகரத்துத் தெருவைக் கடப்போருக்கான சமிக்ஞை ஒலிப்பதும் தாளத்தோடு தாளமாகக் கலந்துபோயின. தொண்டையைத் திறந்து பாடுவதே பாட்டு என்று பழகிய நம் செவிக்கு, காதோடு ரகசியம் சொல்வது போன்ற அந்தக் குரல் முதலில் சோகையாகத் தோன்றலாம். எனக்கும் எல்லாப் பாட்டுகளும் பிடித்துவிடவில்லை, சில ஒரே இருளில் நின்று சுழல்கின்றன. ஆனால் எதையும் கூவிச் சொல்லாமல் சொல்லும் அந்தப் பாங்கு சிறு அறையில் பிறந்த சங்கீதத்துக்கே உரியது என்பதும், பெரிய கூடமும் வாத்தியக் கோஷ்டியும் கிடைத்திருந்தால் அது அமுங்கிப் போயிருக்கக்கூடும் என்பதும் என் எண்ணம்.

சிறியதெல்லாம் சிறந்தது என்று நான் சாதிக்கவில்லை. சொற்பச் செலவில் எடுத்த சோம்பலான படங்களும் அலுப்பூட்டும் விளையாட்டுகளும் எண்ணற்றவை. ஆனால் எல்லாவற்றையும் வாங்கப் பணம் இருக்கிறவன் எதையும் தள்ள வேண்டிய அவசியமில்லாமல் அத்தனையையும் ஒரே படைப்பில் திணித்துவிடுகிறான். கையிருப்புக் குறைந்தவனோ, தனக்கு இன்றியமையாதது எது என்று முதல் நாளிலேயே தீர்மானித்தாக வேண்டும். அந்தத் தீர்மானத்துக்குத்தான் கலை என்று பெயர். ஆகையால் வாசகர்களே, இனி ஒரு படத்தையோ பாட்டையோ எடை போடும்போது அதற்கு எவ்வளவு செலவாயிற்று என்று கேட்பதை விட்டு, அதை ஆக்கியவர்கள் எதை வேண்டாமென்று ஒதுக்கினார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.