குட்டிதானே என்று நினைத்தேன்!

"அம்மா, இது பெரிசாவே வளராதாம்! கொடுத்தவரே சொல்லிட்டார்" என்றபடி என் சின்ன மகன் ஒரு அட்டைப் பெட்டியை என் முன்னால் வைத்தபோது நான் அடுப்பில் ரசத்தை வைத்திருந்தேன். பெட்டிக்குள் பழுப்பு நிறத்தில் பந்து மாதிரி ஒரு நாய்க்குட்டி. அது என் விரலை நக்கிய நக்கலில், ரசம் பொங்கியதுகூட எனக்குத் தெரியவில்லை!

நாங்கள் இருப்பது மாடிப் போர்ஷன். இரண்டு அறை, துணி காயப் போட ஒரு சின்ன பால்கனி, அவ்வளவுதான். "மூணு மாசக் குட்டி. இனிமே எவ்வளவு வளரப் போகுது?" என்று விற்றவர் சொன்னதை என் கணவரும் நம்பினார், நானும் நம்பினேன். மணி என்று பேர் வைத்தோம்.

தடுப்பூசி போட கால்நடை டாக்டரிடம் போனபோதுதான் முதல் அதிர்ச்சி. டாக்டர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "யாரும்மா மூணு மாசம்னு சொன்னது? கடைசி பால் பல்லே இன்னும் முழுசா வரலையே. ஏழு வாரம் இருந்தால் அதிகம்" என்றார். மூன்று மாதத்தில் நாலரை கிலோ என்றால் அது ஒரு கணக்கு. ஏழு வாரத்திலேயே நாலரை கிலோ என்றால் அது வேறு கணக்கு! "இது லாப்ரடார் கலப்பு மாதிரி தெரியுது. இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாது" என்றார். அதற்குள் மகனும் குட்டியும் ஒரே பாயில் தூங்க ஆரம்பித்திருந்தார்கள். எப்படித் திருப்பிக் கொடுப்பது?

இங்கே நான் செய்த ஒரு தப்பையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். "சோத்தைக் குறைச்சுப் போடு, வளராது" என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, இரண்டு வாரம் அரை வயிற்றுக்குத்தான் போட்டேன். விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும் டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "எவ்வளவு பெரிசாகும் என்பது தாய் தகப்பனிடமிருந்து வருவது. பட்டினி போட்டால் ஜாதி மாறாதும்மா, சீக்குதான் வரும்" என்றார். இன்று நினைத்தாலும் மனசு வலிக்கிறது.

எட்டு மாதத்தில் மணி இருபத்தெட்டு கிலோ! ஒருநாள் ஆசையாகத் தாவியதில் என் மாமியார் சறுக்கி விழுந்து, மணிக்கட்டில் மாவுக்கட்டு. வீட்டுக்காரரும் "நாயா, வீடா?" என்று கேட்டுவிட்டார். கடைசியில் பொள்ளாச்சிப் பக்கம் என் அண்ணனின் தென்னந்தோப்புக்கு அனுப்பினோம். மகன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுபடி குட்டி என்ற பேச்சு வந்தபோது, முதலில் டாக்டரிடம் விவரமாகக் கேட்டுக்கொண்டேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஒருநாள் கேட்பார்கள் அல்லவா? அதனால் எழுதுகிறேன்.

முதலாவது, குட்டியைப் பார்க்கும் முன் அதன் தாயைப் பாருங்கள். முடிந்தால் தகப்பனையும். இதைவிட நம்பகமான அளவுகோல் கிடையாது. ஆண் குட்டி பெரும்பாலும் பெண்ணைவிடக் கொஞ்சம் பெரிதாக வளரும்.

இரண்டாவது, வயதைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். நாய்க்குப் பால் பற்கள் 28. சுமார் நான்கு மாதத்தில் முன்பற்கள் விழுந்து முளைக்கும். ஏழு மாதத்துக்குள் 42 பற்களும் வந்துவிடும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் மத்திய அரசு விதியே போட்டிருக்கிறது.

மூன்றாவது, எடை. குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் நின்று, பிறகு நாம் மட்டும் நின்று கழித்தால் போதும். மிகச் சிறிய ஜாதி சுமார் மூன்று மாதத்திலும், நடுத்தர ஜாதி நான்கு மாதத்திலும், பெரிய ஜாதி ஐந்து மாதத்திலும் முழு எடையில் பாதியைத் தொடும். அதாவது நான்கு மாதத்தில் எட்டு கிலோ இருக்கும் நடுத்தர நாய் வளர்ந்தால் பதினாறு கிலோ. இது குத்துமதிப்புத்தான், இரண்டொரு கிலோ முன்னே பின்னே இருக்கும்.

பாதம் பெரிதாக இருந்தால் நாயும் பெரிதாகும் என்பார்கள். அது ஓர் அடையாளமே தவிர தீர்ப்பு அல்ல. டாஷ்ஹண்டுக்குப் பாதம் தடிமன்தான், காலோ குட்டை! வயிறு உப்பியிருந்தால் வளர்த்தி என்று சந்தோஷப்படாதீர்கள்; பூச்சியாக இருக்கலாம், மருந்து கொடுக்க வேண்டும். பெரிய ஜாதிக் குட்டிக்கு டாக்டரைக் கேட்காமல் கால்சியம் கொடுப்பதும் எலும்புக்குக் கெடுதல்.

சிறிய நாய்கள் ஒரு வயதுக்குள் வளர்ந்து முடித்துவிடும். பெரியவை ஒன்றரை வயது வரை வளரும். நம் ராஜபாளையம் நாய் குட்டியில் ஒல்லியாகத்தான் தெரியும். வளர்ந்தால் இரண்டடிக்கு மேல் உயரம், ஓடுவதற்கு இடமும் வேண்டும். மாடிப் போர்ஷனில் கட்டிப் போட்டால் பாவம்!

இப்போது எங்கள் வீட்டில் இருப்பது கறுப்பி. பால் பூத் பக்கத்தில் குட்டி போட்ட நாட்டு நாயின் பெண் குட்டி. தாயைத் தினமும் பார்த்திருக்கிறேன், என் முழங்கால் உயரம்தான். நான்கு மாதத்தில் ஏழு கிலோ இருந்தது. பதினான்கு என்று காலண்டரில் எழுதி வைத்தேன். இப்போது ஒன்றரை வயது, பதினாலரை கிலோ! வீட்டுக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்கியாகிவிட்டது. "இதுவாவது என்னைத் தள்ளாம இருக்கே" என்று மாமியாரே தன் தட்டிலிருந்து இட்லி பிய்த்துப் போடுகிறார்.

போன விடுமுறையில் தோப்புக்குப் போயிருந்தோம். மணி என் மகனை அடையாளம் கண்டுகொண்டு சுற்றிச் சுற்றி ஓடியது. அங்கே அது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாங்கள் கிளம்பியபோது பஸ் நிறுத்தம் வரை பின்னாலேயே வந்தது. மகன் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

சகோதரிகளே, நாய் பத்துப் பன்னிரண்டு வருஷம் நம்மோடு இருக்கப் போகிற ஜீவன். பெட்டிக்குள் இருக்கும் அளவைப் பார்த்து அல்ல, வளர்ந்தபின் இருக்கப்போகும் அளவைப் பார்த்து "சரி" என்று சொல்லுங்கள்.